வெயிட்டிங் லிஸ்ட் 147

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக நினைப்பவரின் முதல் எதிர்பார்ப்பு நியாயமானது: லோயர் பெர்த், ஜன்னலோரம். முன்பதிவு பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன், காலை 8 மணிக்குத் தொடங்கும். 2024 அக்டோபர் வரை இது 120 நாட்கள். ஏமாற்றத்துக்காகக் காத்திருக்கும் காலத்தை ரயில்வே பாதியாகக் குறைத்த கருணை இது.

பண்டிகைக் கால ரயில்கள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பயணியின் கைபேசிக்கு ஓடிபி வந்து சேரும்போது திரையில் வெயிட்டிங் லிஸ்ட் 147. முதல் வாரம் அவர் நாட்டையும் மக்கள்தொகையையும் திட்டுவார். பிறகு திட்டுவது நின்று வழிபாடு தொடங்கும். காலை எழுந்ததும் பி.என்.ஆர். பார்ப்பார். கல்யாண நாளை மறந்துபோகிறவருக்கு அந்தப் பத்து இலக்கமும் மனப்பாடம். 147 ஒருநாள் 139 ஆகும். யாரோ எட்டுப் பேர் ஊருக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டில் என்ன சங்கடமோ! பயணிக்கு அன்று முழுக்கக் குஷி.

தத்கலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பயணத்துக்கு முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 11.02க்கு முடிந்துவிடும்.

சார்ட் தயாரானதும் இரண்டில் ஒன்று நடக்கும். இணையத்தில் எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால் தானாக ரத்தாகும். பயணி கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பார். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ஆர்.ஏ.சி. அதாவது ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து போகலாம்.

ஆர்.ஏ.சி.யின் அடிப்படைப் பிரச்சினை கால்கள். மொத்தம் நான்கு. செங்கல்பட்டு வரை நான்கும் மரியாதையாகத் தரையில் இருக்கும். மேல்மருவத்தூர் தாண்டினால், "நீட்டிக்கோங்க சார், பரவாயில்ல" என்று ஒரு குரல் எழும். புளியோதரைப் பொட்டலம் பிரியும். பாளையங்கோட்டையில் எந்தத் தெரு என்று விசாரித்து, பேச்சு ஒன்றுவிட்ட உறவு வரை போய்விடும். சொந்த மைத்துனரோடு ஒரே சோபாவில் உட்கார மறுப்பவர்கள் இங்கே முழங்கால் முட்ட உட்கார்ந்து வருவார்கள். சார்ட்டில் முதலிலேயே ஆர்.ஏ.சி. என்று போட்டுவிடுவதால் முழு பெர்த்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சண்டைக்கு வேலை இல்லை. கன்ஃபார்ம் ஆனவர்களின் பகுதியிலோ மிடில் பெர்த்தை எப்போது விரிப்பது என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும். விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை.

விழுப்புரத்துக்குப் பிறகு டி.டி.ஆர். வந்து, "எஸ்7ல ஒரு சைடு அப்பர் காலி" என்றால் ஒருவர் மூட்டையோடு கிளம்புவார். மிஞ்சியவருக்கு முழு சைடு லோயர். அது லோயர் பெர்த்தான், ஜன்னலும் உண்டு. 60 நாட்களுக்கு முன் அவர் கேட்டதே இதைத்தான் என்பது அவருக்கு நினைவிருக்காது. கழிப்பறைக் கதவு இரவெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். அதையும் மீறித் தூங்கிவிடுவார்.

பொங்கலுக்கான முன்பதிவு நவம்பர் நடுவில் தொடங்குகிறது.