பயப்பட வேண்டிய இடம்

கே: சாவுக்குப் பயப்படுவது அறிவுள்ளவர் செய்யும் காரியமா?

ப: எதற்குப் பயம் என்பதைப் பொறுத்தது. இறந்தபிறகு இருக்கப்போகும் நிலைக்கா? சாவும் நாமும் ஒருநாளும் சந்தித்துக்கொள்வதே இல்லை, உணர ஆளில்லாத இடத்தில் துன்பம் ஏது என்பது கிரேக்க ஞானி எபிகூரஸின் கட்சி. அந்த மட்டும் அவர் சொல்வது சரி.

கே: அதைப் படித்தும் பயம் போகவில்லையே?

ப: போகாது. சாவு வலிப்பதால் கெட்டதல்ல, பறிப்பதால் கெட்டது என்று 1970இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார் அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல். நான் அவர் பக்கம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், பேரக்குழந்தையைத் தூக்காமலே போய்விடுவோமோ என்று அஞ்சுகிறாள். இதில் அறிவீனம் எங்கே இருக்கிறது? அவளைக் கோழை என்பவரோடு சண்டைக்கே நிற்பேன்.

கே: பயமே இல்லாத மனிதர் உண்டா?

ப: கிட்டத்தட்ட ஒருவர் இருந்தார். அமெரிக்கப் பெண், மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதி நோயால் அழிந்துபோனவர். பாம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒருவன் கழுத்தில் கத்தி வைத்தபோதும் பதறவில்லை. அவரையே ஆய்வாளர்கள் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூச்சு முட்டியதும் நடுங்கிப்போனார். 2013இல் வெளியான ஆய்வு இது. உடம்பு தன் உயிருக்காகப் பதறும்போது நம்மிடம் நியாயம் கேட்பதில்லை.

கே: சரி, இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ப: வேலை வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எமனை நினைத்து வியர்க்கிறவர், காலையில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகிறார். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் சுமார் 50,000 பேர். பயப்பட வேண்டிய இடம் அது.

கே: எனக்குச் சாவைவிட, ஐசியூவில் குழாய்களோடு கிடப்பதுதான் பயம்.

ப: இதைவிட நியாயமான பயம் இல்லை, இதற்கு வழியும் இருக்கிறது. மீளவே முடியாத நிலையில் உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் லிவிங் வில்லை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற வேண்டும்.

கே: வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்கிறார்களே?

ப: பேசாமல் விட்டால், ஐசியூ வாசலில் நின்று அந்த முடிவை எடுக்கப்போவது உங்கள் பிள்ளைதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசுங்கள்.