கூடாரத்துக்குள் ஒரு கும்பகோணம்

ஜப்பானில் வெயில் அடிக்கும் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. "உனக்கென்னம்மா, குளுகுளுன்னு இருப்பே" என்பார் மாமியார். 2025 ஆகஸ்டில் குன்மா மாகாணத்து இசெசாகியில் 41.8 டிகிரி பதிவான செய்தியை அவருக்கு அனுப்பிவைத்தேன். "புள்ளியை மாத்தி வெச்சுட்டாங்க போல" என்று பதில் வந்தது. தோக்கியோ வெயில் வேலூர் வெயிலைப் போல நேர்மையானதல்ல. வேலூரில் சுடும், அவ்வளவுதான். இங்கே சுடுவதோடு புழுங்கும். காலை ஏழு மணிக்கே சிள்வண்டுகள் கச்சேரியைத் தொடங்கிவிடும். துவைத்த துணி காயாது. உடுத்திய துணி உடம்பிலேயே துவைபடும்.

ஆகையால் ஆகஸ்டில் எல்லாரும் மலைப்பக்கம் ஓடுகிறார்கள். 11-ஆம் தேதி 'மலை நாள்' என்று 2016 முதல் அரசு விடுமுறை வேறு. அதை ஒட்டியே ஓபோன் வரும். இறந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் நாட்கள் அவை. பிள்ளைகளும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்குச் சொந்த ஊர் 6000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விமானக் கட்டணத்தைப் பார்த்தால் நாங்களே முன்னோர்கள் ஆகிவிடுவோம். எனவே கூடாரம்.

நாங்கள் என்றால் நிஷி கசாய்க்காரர்கள். 2000 பிறந்ததும் கணினிகளுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று பயந்த காலத்தில் வந்திறங்கிய பொறியாளர்களால் வளர்ந்த குடியிருப்பு இது. கிழக்குத் தோக்கியோவில் கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லாத இடம். எங்கள் குழுவில் ஒரு கும்பகோணத்து மாமியும் மாமாவும், ஒரு மதுரைக்காரர் குடும்பம், எதைச் சொன்னாலும் "சரிங்க" என்கிற கோயமுத்தூர்த் தம்பதி, பிறகு நாங்கள். பிள்ளைகளை எண்ணிக் கட்டுப்படியாகாது. யார் என்ன கொண்டுவருவது என்று வாட்ஸப்பில் ஒரு மாதம் விவாதம் நடக்கும். கடைசியில் எல்லாருமே எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். அப்படியும் உப்பு இருக்காது.

மாமி அரிவாள்மனை இல்லாமல் எங்கும் போகமாட்டார். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைத் தக்க காரணமில்லாமல் எடுத்துப்போவது ஜப்பானில் குற்றம். வழியில் போலீஸ்காரர் கேட்டால் என்ன காரணம் சொல்வது என்று என் கணவர் கவலைப்பட்டார். "வெண்டைக்காய்" என்றார் மாமி.

தோக்கியோவிலிருந்து ஃபூஜி மலையடிவாரம் 100 கிலோமீட்டர் சொச்சம். சூவோ நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு மணிநேரத்தில் போய்விடலாம் என்பது வரைபடத்தின் கருத்து. ஓபோன் சமயத்தில் கொபோதொகே சுரங்கத்தை நெருங்கும்போதே மின்பலகை மிரட்டத் தொடங்கிவிடும்: இத்தனை கிலோமீட்டர் நெரிசல், கடக்க இத்தனை நிமிடம். அந்தக் கணக்கும் அப்படியே பலிக்கும். அதுதான் இன்னும் எரிச்சல். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. மதுரைக்காரருக்குக் கை அரித்தது. "ஒரே ஒரு தடவை அடிச்சுக்கிறேனே" என்று கெஞ்சினார். அவர் மகள் பின்னிருக்கையிலிருந்து, "அப்பா, மெய்வகு" என்றாள். அடுத்தவருக்குத் தொந்தரவு என்று அர்த்தம். ஜப்பானில் வளரும் நம் பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்கும் சொல் இதுதான் என்று நினைக்கிறேன். நெரிசல் தீர்வதற்குள் இரவுக்கு வைத்திருந்த புளியோதரை தீர்ந்துவிட்டது.

நாங்கள் போனது மொதோசு ஏரிக்கரை. ஃபூஜியைச் சுற்றியுள்ள ஐந்து ஏரிகளில் இதுதான் ஆழமானது, 121 மீட்டர். 864-இல் ஃபூஜி வெடித்து ஓடிய எரிமலைக் குழம்பு அங்கிருந்த ஒரு பெரிய ஏரிக்குள் பாய்ந்து அதைத் துண்டாடியது. அதில் மிஞ்சிய துண்டுகளில் ஒன்று பக்கத்துச் சாய் ஏரி. குழம்பு இறுகிய பாறைமேல்தான் இன்றைய ஆஒகிகஹாரா காடு நிற்கிறது. பழைய 1000 யென் நோட்டின் பின்புறம் இருப்பது மொதோசு ஏரியிலிருந்து தெரியும் ஃபூஜி. அந்த நோட்டு ஒன்றைப் பத்திரமாக எடுத்துவந்திருந்த மதுரைக்காரர், கரையில் நின்று அதைத் தூக்கிப் பிடித்தார். எதிரே வெறும் மேகம். "நோட்டுல தெரியுது, நேர்ல தெரியலையே" என்றார். கோடையில் அப்படித்தான். மறுநாள் விடியற்காலை கால்மணி நேரம் மலை தரிசனம் தந்தது. பனித்தொப்பி இல்லை, உச்சிவரை பழுப்புப் பாறை. என் மகன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேற மலை" என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

முகாமில் விதிகள் உண்டு. தரையில் நேரடியாகத் தீ மூட்டக்கூடாது. கால்வைத்த இரும்புத் தட்டில்தான் விறகு எரிய வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. பக்கத்து இடத்தில் ஒரு நடுத்தர வயது ஜப்பானியர் தனியாகக் கூடாரம் போட்டிருந்தார். தனியாகக் காட்டுக்கு வந்து, தனியாகச் சமைத்து, தனியாகத் தின்றுவிட்டுப் போகிறவர்கள் இங்கே நிறைய உண்டு. உள்ளங்கையளவு அடுப்பு, ஒரு குவளை, ஒரு நாற்காலி. காப்பிக்கொட்டையை ஒரு சின்ன இயந்திரத்தில் போட்டுக் கையால் சுற்றி அரைத்துக்கொண்டிருந்தார், ஏதோ ஜபம் செய்வதுபோல. பத்தடி தள்ளி எங்கள் பக்கம் இட்லிப்பானை, மூன்று சம்புடம் பொடி, ஜமக்காளம், மடக்குக் கட்டில். கல்யாண மண்டபத்தைக் காலி செய்துகொண்டு வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

காலை ஏழு மணிக்கு மாமி பொங்கலுக்குக் குக்கர் வைத்தார். அந்த ஏரிக்கரையில் குக்கர் விசில் அடித்தது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். முதல் விசிலுக்குக் காக்கைகள் கிளம்பின. இரண்டாவது விசிலுக்குப் பக்கத்துக் கூடாரத்தின் ஜிப் திறந்து ஒரு தலை வந்தது. நிலநடுக்க எச்சரிக்கையோடு பிறந்து வளர்ந்தவர்கள்; புதிய சத்தம் கேட்டால் முதலில் வாசலைப் பார்ப்பார்கள். மூன்றாவது விசிலில் அவர் முதுகுப்பையோடு வெளியே வந்து நின்றார். கோயமுத்தூர்க்காரர் ஓடிப்போய் பத்துத் தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் பதிலுக்குப் பதினொரு தடவை குனிந்தார், பயந்ததற்கு மன்னிப்புக் கேட்டு.

மாமிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கிண்ணம் நிறையப் பொங்கல், மேலே நெய்யில் மிதக்கும் முந்திரி, கொடுத்தனுப்பினார். மிளகைக் கடித்து அவர் கண்கலங்கியதை இங்கிருந்தே பார்த்தோம். பத்து நிமிடத்தில் கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே இரண்டு பீச் பழங்களோடு. யமனாஷி மாகாணத்துப் பீச். கன்னம் சிவந்து, கையில் எடுத்தாலே மணக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாமிக்கும் அதே வழக்கம்தான். அங்கேதான் வந்தது வினை. பழம் வந்த கிண்ணத்தில் மாமி தட்டை, முறுக்கு வைத்து அனுப்பினார். அங்கிருந்து அரிசி பிஸ்கட் வந்தது. கடற்பாசியில் சுற்றி, மீன்தூள் தூவியது. கைப்பேசிக் கேமராவை உறைமேல் பிடித்து உள்ளடக்கத்தைப் படித்த மாமா அதை மரியாதையாக மதுரைக்காரரிடம் ஒப்படைத்தார். மதியம் சாம்பார் சாதம் போயிற்று. கேன் காப்பி வந்தது. மாலையில் கேசரி போயிற்று. ஒரு கட்டு விறகு வந்தது. "பாவம், அந்த மனுஷன்கிட்ட இனி கூடாரத்தைத் தவிர ஒண்ணுமில்ல, விட்டுடுங்க மாமி" என்றேன். மாமி கேட்கவில்லை. இரவு மோர்க்குழம்பு போயிற்று. பதிலுக்கு வந்தது கொசுவத்திச் சுருள்.

பழைய நினைப்பில் மூழ்குகிறவர்களை "கொசுவத்தி சுத்தாதே" என்று கிண்டல் செய்கிறோமே, அந்தச் சுருள் பிறந்த நாடே ஜப்பான்தான். வகாயாமாவைச் சேர்ந்த உஎயாமா எயிச்சிரோ 1890-இல் ஊதுவத்திபோல நேராகச் செய்தார். சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டது. அதைச் சுருட்டிவிடும் யோசனை அவர் மனைவி யூகியுடையது என்கிறார்கள். 1902-இல் சுருள் விற்பனைக்கு வந்தது. வீட்டில் யார் யோசனை சொன்னாலும் கம்பெனி யார் பேரில் நடக்கும் என்பதில் ஜப்பானும் நாமும் ஒன்றுதான். அன்று இரவு அந்தச் சுருளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஊர்க்கதை பேசினோம். பத்து மணிக்குக் குரலைத் தாழ்த்தினோம். மதுரைக்காரருக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. அவரைத் தூங்க அனுப்பினோம்.

பக்கத்தில் ஒரு பொதுக் குளியல் இடம் இருந்தது. வெந்நீர்த் தொட்டிக்குள் துணியோடு இறங்கக் கூடாது, துண்டுகூடத் தண்ணீரில் படக்கூடாது. அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் பக்கத்தில் மதுரைக்காரர், "குத்தாலத்துலகூட துண்டு கட்டிக்கிட்டுத்தான்யா குளிக்கிறோம்" என்று வாசலிலேயே வழக்காடியதாகக் கேள்வி. பெண்கள் பக்கத்தில் நடந்ததை எழுதக் கூடாது என்று மாமி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

தர்ப்பூசணி உடைப்பதைச் சொல்லலாம். கண்ணைக் கட்டிவிட்டு, கையில் தடியைக் கொடுத்து, தரையில் வைத்த பழத்தை அடிக்கச் சொல்கிற கோடை விளையாட்டு. உறியைக் கீழே இறக்கி வைத்த உறியடி. பிள்ளைகள் "மிகி! ஹிதாரி!" என்று கத்த, பெரியவர்கள் "வலது, இல்ல பீச்சாங்கை, உங்க பீச்சாங்கை" என்று கத்த, என் கணவர் இரண்டு மொழியையும் நம்பாமல் ஓங்கி அடித்ததில் இட்லிப்பானை மூடி நசுங்கியது. தர்ப்பூசணியை அரிவாள்மனையில் நறுக்கிக்கொண்டோம்.

கிளம்பும் நாள் குப்பையின் நாள். எரிவது தனி, எரியாதது தனி, டின் தனி, கண்ணாடி தனி. தண்ணீர் பாட்டிலுக்கு மூடியைக் கழற்றி, தாளை உரித்து, கழுவி, நசுக்கவேண்டும். பால் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, காயவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் முகாமில் வந்தவர்களே குப்பையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மேற்பார்வை பிள்ளைகள், லஞ்சம் எடுபடாது. தேங்காய் மூடி எரிகிற குப்பையா, எரியாததா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். "எங்க ஊர்ல அதுலதாங்க அடுப்பே எரிப்போம்" என்று கோயமுத்தூர்க்காரர் முதன்முறையாக ஒரு கருத்துச் சொன்னார். தீர்ப்பாகிவிட்டது. வரும்போது பலகாரம் இருந்த பெட்டிகளில் போகும்போது குப்பை இருந்தது. எடை மட்டும் குறையவேயில்லை.

ஜப்பானுக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 11-இலிருந்து 16 வரை சூவோ நெடுஞ்சாலைப் பக்கம் வராதீர்கள், ரயிலில் போங்கள். வந்துதான் தீருவேன் என்றால் கொபோதொகே சுரங்கத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள், நாங்களும் அங்கேதான் நிற்போம். தட்டு மட்டும் கொண்டுவாருங்கள். காலியாகத் திருப்பித் தந்தால் மாமி கோபித்துக்கொள்வார்.