தாத்தா முதுகும் நாலு உவமையும்

வாரும் மாப்ளே, இப்படித் திண்ணையில உட்காரும். தமிழ் வாத்தியாருன்னா உம்மைத்தான் சொல்லணும். உம்ம வகுப்புப் பிள்ளைக எதிர்ல வந்தா நான் ஒதுங்கி வழி விடுதேன், அம்புட்டு இலக்கணம்! என் பேரன் தூக்கத்துலகூட ‘உவமை, உவமேயம், உவம உருபு’ன்னு முனங்குதான். ‘எலேய், ஒரு உவமை சொல்லு’ன்னா, ‘மலர் போன்ற முகம்’ங்கான். ‘வேற?’ன்னு கேட்டா, ‘சார் அது ஒண்ணுதான் எழுதிப் போட்டாரு’ங்கான். ஒத்த மலரை வச்சு ஒரு வருசப் பாடத்தையே ஓட்டிட்டீரே, இந்தச் சிக்கனம் யாருக்கு வரும்? கவர்மெண்டு உமக்கு ஒரு சால்வை போத்தணும்.

கோவிச்சுக்கிடாதேயும். காப்பி வருது.

அந்தப் பய பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி பேசுன பேச்சு உமக்குத் தெரியாது. ராத்திரி பஸ்ஸுல வரும்போது ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, ‘தாத்தா, நிலா டிக்கெட் எடுக்காமலே நம்ம கூட வருது’ன்னான். மதுரைக் கோட்டைக் கொடி காத்துலதான் ஆடுச்சு. அதை, கோவலனைப் பார்த்து ‘இங்க வராதே’ன்னு கைகாட்டுச்சுன்னு சிலப்பதிகாரத்துல இளங்கோ சொன்னாரு. தற்குறிப்பேற்ற அணின்னு நீரு அதுக்கு மார்க்கு வைக்கீரு. இவன் செஞ்சதும் அதேதானவே! இன்னைக்கு அந்த அணியோட பேரை எழுதச் சொன்னா, எந்த ‘ற’ எங்க வரும்னு பேந்தப் பேந்த முழிக்கான்.

நான் உம்ம அளவுக்குப் படிக்கலை. கோயில் மண்டபத்துல ஒரு புலவர் பாடம் சொன்னதை ஓரமா உட்கார்ந்து கேட்டதோட சரி. தொல்காப்பியர் உவமைக்குன்னு ஒரு இயலே வச்சிருக்காரு. ஆனா அவரு பிரிச்சது வினை, பயன், மெய், உருன்னு நாலே நாலு. பிறகு 12-ஆம் நூற்றாண்டுல தண்டியலங்காரம் வந்து, வடமொழிக் காவியதர்சத்தை ஒட்டி, பொருளணியை 35 ஆக்குச்சு. வளர்ந்தது நல்லதுதான். அதுக்காக, பால்குடி மறக்காத பிள்ளைக்கு முப்பத்தஞ்சு கூட்டு வச்ச இலையையா முதல்ல போடுறது?

நாலுல ஆரம்பியும். ஒரு நாள் தெருப் பிள்ளைகளை இங்க கூட்டி வச்சு, ‘என்னைப் பத்தி உவமை சொல்லுங்கலே, யாரையும் அடிக்க மாட்டேன்’ன்னேன். முதல்ல பம்முனானுவ. பிறகு ஒருத்தன் ‘தாத்தா ஆமை மாதிரி நடக்காரு’ன்னான். செய்கையைச் சொன்னதால அது வினை. ‘முடி பஞ்சு மாதிரி வெள்ளை’ன்னுது ஒரு பொடிசு. நிறம்னா உரு. ‘முதுகு கேள்விக்குறி மாதிரி இருக்கு’ன்னு இன்னொருத்தன் வடிவத்தைச் சொன்னான், அது மெய். கடைசியா என் பேரன் எந்திரிச்சு, ‘தாத்தா ஏ.டி.எம். மாதிரி, அமுக்குனா காசு வரும்’ன்னான் பாரும்! மழையையும் வள்ளலையும் கட்டிக்கிட்டு அழுத பயன் உவமைக்கு அன்னைக்குத்தான் விமோசனம். ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தேன். அணியோட பேரெல்லாம் மிட்டாய் வாயில இருக்கும்போது சொன்னதுதான்.

உருவகத்துக்கு நீரு ‘மலர்க்கை, கைமலர்’னு போர்டுல எழுதுவீரு. மறுபடியும் மலர்! ‘பானை வயிறு’ன்னு சொல்லிப் பாரும். பானை மாதிரி வயிறு, உவமைத்தொகை. சொல்லைத் திருப்பிப் போட்டு ‘வயித்துப் பானை’ன்னா உருவகம். மாதிரி கீதிரி எல்லாம் போச்சு, வயிறே பானைதான். வகுப்புல யாரு வயித்தைப் பார்த்துச் சிரிக்கானுவன்னு மட்டும் கேக்காதேயும்.

மரபுத்தொடருக்கு வருவோம். முந்திரிக்கொட்டைன்னா ‘அவசரக்காரன்’னு உம்ம நோட்ஸ்ல இருக்கு. பிள்ளை பார்த்த முந்திரி பாயசத்துல ரெண்டா உடைஞ்சு மிதக்குது. அதுக்கு என்ன அவசரம்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சித்திரையில ஒரு முந்திரிப் பழத்தைக் கொட்டையோட பறிச்சுக் காட்டும். மத்த பழத்துக்குக் கொட்டை உள்ள அடக்கமா இருக்கும். இதுக்கு வெளிய துருத்திக்கிட்டுத் தொங்கும். அதுவும் முதல்ல வளருறது கொட்டைதான். காம்பு பெருத்துப் பழமாகுறது அதுக்குப் பிறகு. கேக்குறதுக்கு முந்தியே கை தூக்குற பயல் ஒருத்தன் எல்லா வகுப்புலயும் உண்டுல்லா, பிள்ளைக தானாவே அவனைத் திரும்பிப் பார்க்கும். பச்சைக் கொட்டையை மட்டும் கடிக்க விட்டுறாதேயும், அந்தப் பால் பட்டா வாய் வெந்துரும். சித்திரையில பள்ளிக்கூடம் லீவுங்கீரா? அப்பப் பங்குனியில இலவங்காயைக் கொண்டு போய் வெடிச்சுக் காட்டி, இலவு காத்த கிளியைச் சொல்லிக் கொடும். ஃபேனை அமத்திட்டுச் செய்யும்.

காளமேகப் புலவர் வைக்கோலையும் யானையையும் ஒரே பாட்டுல கட்டுனது உமக்குத் தெரியும். களம்னா நெல்லடிக்கிற களமும் உண்டு, போர்க்களமும் உண்டு. போர்னா சண்டை, வைக்கோலைக் குவிச்சாலும் போர். கோட்டைன்னா ராசா கோட்டை. விதைநெல்லை வைக்கோல்பிரி சுத்திக் கட்டி வச்சாலும் நமக்குக் கோட்டைதான். இதைக் கண்ணால பார்த்த பிள்ளைக்குச் சிலேடையை விளக்கவே வேண்டாம். இப்பக் களத்து மேட்டுல செல்போன் டவர் நிக்கி, நெல்லடிக்க மிஷின் வந்தாச்சு. அதுக்காக விட்டுருவீரா? அவங்க வீட்டுச் சொல்லையே எடும். ஏறுனா படி, அளந்தா படி, உம்ம வாயைத் திறந்தாலும் படி, படி.

வஞ்சப்புகழ்ச்சி சொல்லிக் கொடுக்கத்தான் கஷ்டமா இருக்குன்னீரு. தொண்டைமானோட வேலெல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூடி அழகா இருக்குன்னு ஔவை மெச்சுனா. எங்க அதியமான் வேலெல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு சேர்த்தும் சொன்னா. சண்டைக்கே போகாத வேலுதான் பளபளன்னு இருக்கும்னு தொண்டைமானுக்குப் புரிஞ்சிருக்கும். நீரு வந்து உட்கார்ந்ததும் உமக்குச் சால்வை போத்தணும்னேனே, நீரும் மீசையைத் தடவிக்கிட்டீரே, அதுவும் அந்த அணிதான். நாளைக்கு வகுப்புல இதையே உதாரணமாச் சொல்லும், பிள்ளைக ஆயுசுக்கும் மறக்காது.

காப்பி ஆறிப் போச்சு, குடியும். அரைப்பரீட்சை வருதுல்லா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். எவனாவது கைடுல இல்லாத உவமையைச் சொந்தமா எழுதியிருந்தா, ஏ.டி.எம்-னே எழுதியிருந்தாலும் சரி, சிவப்பு மையில சுழிச்சிராம முழு மார்க்கு போடும்.