மோரியாவில் தண்ணீர் இறைத்தது யார்?

மாயாஜால நாவல் எழுதுகிறவர்களுக்குச் சுரங்கம் என்றால் கொள்ளை ஆசை. பூதம் தூங்குவது அங்கேதான், புதையல் கிடப்பது அங்கேதான், கதாநாயகன் தீப்பந்தத்தோடு இறங்குவதும் அங்கேதான். ஆனால் ஒரு பம்பு? நான் படித்த எந்த மாயக்கதையிலும் தட்டுப்படவில்லை. டோல்கீனின் மோரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரக்குள்ளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டுகிறார்கள், பேராசையில் ஆழம் போகிறார்கள், அடியில் கிடந்த நெருப்புப் பூதம் விழித்துக்கொள்கிறது. கீழ்த்தளங்கள் பிற்காலத்தில் தண்ணீரில் மூழ்கிவிட்டன என்று போகிற போக்கில் ஒரு சேதியும் வருகிறது. அதற்கு முன்பு அந்தத் தண்ணீரை இறைத்தது யார்? எந்த ஷிப்டில்? கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக்காரிக்கு இது தெரிந்தாக வேண்டும். என் நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர்.

அந்தக் காலத்துத் தங்கவயலில் நேரம் சொன்னது சங்கு. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் கேஜில் இறங்கும், ஒரு கூட்டம் ஏறும். வடாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கம்பெனி லைன் வீடுகள் ஒருபுறம், கடை கண்ணி, சந்தை, சண்டை எல்லாம் பேட்டையில். அந்தப் பேட்டையில்தான் என் பல்கலைக்கழகம் இருந்தது. ஒரு கடையின் பாதியில் வாடகைச் சைக்கிள், மறுபாதியில் வாடகைப் புத்தகம். இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே நோட்டு. சைக்கிள் மணிக்கணக்கு, புத்தகம் நாள்கணக்கு. சைக்கிள் பஞ்சரானால் மன்னிப்பு உண்டு. புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்தாலும் நம் வம்சத்தையே விசாரித்துவிடுவார்.

நான் எடுத்து வந்ததை நான் மட்டும் படித்ததில்லை. வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ராத்திரியானால் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்தைகளும் வந்து குந்திக்கொள்வார்கள். முதலில் அம்புலிமாமா. முருங்கை மரத்து வேதாளம் கேள்வி கேட்டதும் விக்கிரமாதித்தன் வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்கள் ஆயா பதிலைச் சொல்லிவிடும். பல நாள் ராஜாவின் பதில் வேறாக இருக்கும். “அவனுக்கு இன்னா தெரியும், பொணத்தத் தூக்கிக்கினு நடக்கறவன்” என்று ராஜாவையே தள்ளுபடி செய்யும் ஆயா.

பிறகு முத்து காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவியைக் கொண்டு முதல் இதழைப் போட்டார்கள். எங்கள் கடைக்கு அது வந்து சேர்ந்தபோது அட்டை போய், நாலு ஊர் கை பட்டிருந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே காவிரி மின்சாரம் இழுத்த ஊர் எங்களுடையது. பெங்களூருக்கு விளக்கெரிந்ததே அதற்கப்புறம்தான். ஆகவே மாயாவி எங்கள் ஆள் என்று முடிவு கட்டியிருந்தேன். ஷிப்டு முடிந்து வந்த நைனா முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க மோட்டார் ரூம்புலயும் ஒருத்தன் கரண்ட்டத் தொட்டான். அவனும் மறஞ்சிதான் போயிட்டான்.” அன்றைக்கு மேலே படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாததைத் தேடுகிற வேலை உண்மையிலேயே எங்கள் காலடியில் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பான்காரர்களோடும் இங்கிலாந்துக்காரர்களோடும் சேர்ந்து கருவிகளை நட்டுவைத்து, 1965-ல் நியூட்ரினோ வந்துபோன தடத்தைப் பிடித்தார்கள். வளிமண்டலத்தில் பிறந்து, பாறை பூமி எதையும் மதிக்காமல் ஊடுருவிப் போகும் துகள் அது. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். அதற்கு முன்னால் வளிமண்டலத்து நியூட்ரினோவை உலகத்தில் யாரும் பிடித்ததில்லை. எண்பதுகளில் இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்து, புரோட்டான் என்றைக்காவது சிதைகிறதா என்று அதே சுரங்கத்தில் காவல் காத்தார்கள். நைனாவின் அறிக்கை சுருக்கமாக இருந்தது: “ஒண்ணும் இல்லாதத எண்ணிக்கினு கீறாங்க. நல்ல மனுசங்க. டீ குடுத்தா குடிக்கறாங்க.” நானோ லண்டன் மாயாவிக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தேன்.

மர்ம நாவலுக்கு வீட்டில் அனுமதி வாங்கித் தந்தவர் பெரியப்பா. அவர் பகுத்தறிவுக்காரர். தங்கவயலில் அது புதிதல்ல. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அவருடைய எழுத்துகளை நூல்களாக்கிய சித்தார்த்த புத்தகசாலை இங்கேதான் இருந்தது, ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை இங்கிருந்து நடத்தினார். பெரியப்பா வீட்டு மரப்பெட்டியில் அந்தத் தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பேய்க்கதை என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படிக்கத் தடையில்லை. காரணம், வெள்ளைத் துணியில் வருகிற பேய் கடைசியில் ஒரு சொத்துத் தகராறுக்காரனாக மாறிவிடும். “பாத்தியா, பேயி இல்ல, பத்திரம்” என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். எந்த நாவலை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் அவர் தணிக்கை செய்வார். பேய் அவிழ்ந்துவிட்டால் எனக்கு வரும். யார் கொலைகாரன் என்று அவர் முகத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம், அதுதான் இதில் உள்ள ஒரே நஷ்டம்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ அவரைக் கவிழ்த்துவிட்டது. குமுதத்திலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு, ஓரம் வெட்டும்போது சில வரிகளின் தலையும் போயிருந்தது. கணேஷ் ஒரு கட்சி, வசந்த் ஒரு கட்சி. லேசர், ஹோலோகிராம் என்று விஞ்ஞானமெல்லாம் பேசிவிட்டு ஆசிரியர் தீர்ப்பை வாசகன் மடியில் போட்டுவிடுகிறார். பெரியப்பா கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். “இவன் இன்னா சொல்றான்? இருக்குங்கறானா, இல்லங்கறானா?” புத்தகம் என் கைக்கு வந்தது, கோபத்தில். அதை நான் படித்த ராத்திரி ஏர் பிளாஸ்ட். கீழே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும், அலமாரித் தட்டுகள் தாமாகப் பேசும். எங்கள் ஊருக்கு அது பழக்கம். கதையில் ஒரு பங்களாவில் ஏதோ நடமாடுகிற இடம், இங்கே பாத்திரங்கள் கலகலவென்றன. நான் போட்ட கூச்சலில் ஆயா எழுந்து உட்கார்ந்து, முதலில் கேட்டது: “உங்கப்பன் எந்த ஷிப்டு?” முதல் ஷிப்டு, வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். ஆயா மறுபடி படுத்துக்கொண்டது. பயப்படுவதற்கும் எங்கள் வீட்டில் ஒரு வரிசை இருந்தது.

ஆயா ஒரு விஷயத்தில் மட்டும் துப்பறிவாளர்களை மன்னிக்கவில்லை. கண்ணாடி டம்ளரில் பொடி தூவி ரேகை எடுக்கும் கட்டம் வந்தால் போதும், குற்றவாளியின் பக்கம் சாய்ந்துவிடும். 1930-ல் சுரங்கத் தொழிலாளர்களிடம் கட்டாயமாகக் கைரேகை பதிய வந்தபோது மொத்தத் தங்கவயலும் வேலையை நிறுத்தி எழுந்த கதை ஆயாவின் சிறுவயதுக் கதை. “ரேகை எடுக்கறவன் நம்ம ஆளு இல்லடி” என்று தீர்த்துச் சொல்லும். அதனால் தங்கம் கடத்துகிற வில்லன்களுக்கும் எங்கள் வீட்டில் ஆதரவு உண்டு. ஷிப்டு முடிந்து வரும் ஆளை நிற்கவைத்துத் தடவிச் சோதித்து அனுப்புகிற ஊரில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? நாவல்களில் தங்கம் பிஸ்கட் பிஸ்கட்டாகப் பெட்டியில் பளபளக்கும். எங்களுக்குத் தெரிந்த தங்கம் பாறைக்குள் கண்ணுக்கே தெரியாது. கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லை மாவாக்கினால் சில கிராம் தேறும். மிச்சம் மலையாகக் குவியும். அதுதான் சயனைட் மலை. ஹாரி பாட்டரின் ரசவாதக் கல்லுக்கு அத்தனை பேர் அடித்துக்கொண்டதைப் பின்னாளில் படித்தபோது, கல்லிலிருந்து தங்கம் வரவழைக்க எத்தனை மண் கொட்ட இடம் வேண்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாராவது சொல்லியிருக்கலாமே என்று பட்டது.

எங்கள் ஊரின் மிகப் பெரிய கொலை வரிசைக்குச் சங்கர்லாலும் வரவில்லை, ராஜேஷ்குமாரின் விவேக்கும் வரவில்லை. பாறைத் துகள் நெஞ்சில் படிந்து மூச்சு இரும்பாகிப் போகிற நோய். 1940-களிலேயே மருத்துவர்கள் இங்கே ஆயிரக்கணக்கானவர்களின் நெஞ்சைப் படமெடுத்து எழுதி வைத்தார்கள். கொலையாளியின் பெயர் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்ட கதை. அப்படிப்பட்ட கதையை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? ராஜேஷ்குமாரின் இரட்டைத் தண்டவாளக் கதைகளைப் பெரியப்பா இருமலுக்கு நடுவில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒற்றைப்படை அத்தியாயம் ஒரு கதை, இரட்டைப்படை வேறு கதை, கடைசியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். “எங்க முட்டும்னு சொல்லாத” என்பார். தணிக்கை அதிகாரி கடைசியில் முழு வாசகராகிவிட்டார்.

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷம், ஏறத்தாழ 800 டன் தங்கம். பம்புகள் நின்றன. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஏறத் தொடங்கியது. அதே வருஷக் கடைசியில் உலகமெங்கும் மோரியா திரைக்கு வந்தது. சில காலம் கழித்து என் மகன் சிடி கொண்டுவந்து போட்டான். தூண்களும் படிகளும் பாதாளமும் பார்த்து வீடே வாயைப் பிளந்தது. நைனா மட்டும் திரைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றும் கண் பழைய வேலையில் இருந்தது. “இம்மாம் ஆழம் தோண்டிக்கிறானுங்களே, தண்ணி எங்க?” பூதம் வந்தது, பாலம் இடிந்தது, கிழவர் விழுந்தார். நைனா அசையவில்லை. “பம்ப நிறுத்திட்டானுங்க. அப்புறம் எவன் வந்தா இன்னா?” எத்தனையோ விமர்சனங்கள் அந்தக் கதைக்கு வந்திருக்கும். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது ஊரில் சங்கு இல்லை. விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்திலிருந்து ரயில் கிளம்பும். பேரன்மார் பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். பூமிக்குள் போன ஷிப்டு தண்டவாளத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாடகைக் கடையின் இடத்தில் செல்போன் ரீசார்ஜ். என் மருமகள் ரயிலில் நின்றபடியே காதில் மாட்டிக்கொண்டு டிராகன் கதை கேட்கிறாள், ஒரே தொடரில் பத்துப் பன்னிரண்டு புத்தகம். எனக்கும் போனில் ஏற்றித் தருகிறாள். பழைய கிரைம் நாவல்கள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. அட்டை கிழியாமல், முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரை எவனும் பேனாவால் எழுதி வைக்காமல். வசதிதான். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா பனியனில் என்ன வாசகம் போட்டிருந்தாள் என்று வகுப்பில் கிசுகிசுத்த நாங்கள், இப்போது அதே வாசகத்தைக் கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் படிக்கிறோம்.

அதைவிடப் பெரிய மாற்றம், ஊரே நாவலாகிவிட்டது. 2018-ல் ‘கேஜிஎஃப்’ வந்தது. அதில் நராச்சி என்ற இடத்தில் 1951-ல் தங்கம் கிடைக்கிறது. 1880-களிலிருந்தே ஜான் டெய்லர் கம்பெனி தோண்டி எடுத்ததையும், எங்கள் தாத்தாக்கள் இறங்கியதையும் படம் பெரிய மனதோடு மறந்துவிட்டது. சயனைட் மலையில் செட் போட்டார்கள். கழிவு மண் நடிக்கப் போனது. 2024-ல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’. அதில் வடாற்காட்டு மக்கள் உண்டு, எங்கள் தாத்தாக்களின் சாயல் உண்டு, கூடவே பொன்னைக் காக்கும் மாயக்காரியும் உண்டு. பெரியப்பா இருந்திருந்தால் கடைசிக் காட்சியைத் தணிக்கைக்கு எடுத்திருப்பார். எனக்கு இரண்டு படமும் பிடித்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாயக்கதையை உண்மையோடு ஒட்டிப் பார்த்துக் குறை சொல்வது என்னைப் போன்ற வாசகிக்கு அழகல்ல. பம்பு விஷயம் மட்டும் தனி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் மோட்டார் பைக்கில் வருகிறார்கள், ‘கேஜிஎஃப்’ கதாநாயகன் ராக்கி மாதிரியே கறுப்புக் கோட்டு, தாடி. போன மாதம் டீக்கடையில் ஒருவன் மரியாதையாகக் கேட்டான்.

“ஆண்ட்டி, ராக்கி பாய் வீடு எது?”

நாற்பது வருஷ மர்ம நாவல் உடம்பில் சும்மா இருக்குமா? அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். “கடைசி லைன்ல மூணாவது. பூட்டியிருக்கும். சாவி யார்கிட்டன்னு கேக்காத தம்பி.”

அது என் அத்தை மகள் வீடு. அடுத்த வாரம் அவளே வந்தாள். “ஏண்டி, எவனெவனோ வந்து எங்க பூட்டப் படம் புடிக்கிறான்?” சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தால், யோசனையோடு போனாள். இப்போது வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பூட்டைப் பார்க்கப் பத்து ரூபாய். செத்துப்போன அவள் மாமனார் ராக்கிக்குத் தூரத்துச் சித்தப்பாவாம். அந்தக் கதைக்கு இருபது.