பாஸைப் பிடிக்கப் போன தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

சடையங்குப்பத்தில் எல்லாரும் சுகம்தானே? இங்கே ஹூஸ்டனில் உன் தம்பி சுகம். வலது கைக் கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தோல் உரிந்து கிடக்கிறது. காரணத்தைப் போனில் சொல்லலாம். ஆனால் கதை பாதி போகும்போது உன் குக்கர் விசில் அடிக்கும், மீதிக் கதை அத்தோடு போச்சு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறான்.

போன மாசம் "பாஸ் பிடிக்க மெக்சிகோ போறேன்" என்றதும் மாமா போனைப் பிடுங்கி, "பாஸைப் புடிக்க மெக்சிகோ வரிக்கும் போவணுமாடா? ஆபீஸ்லயே காக்கா புடிச்சா ஆவாதா?" என்று கேட்டாரே, அதைக் கூட வேலை செய்யும் டெக்சாஸ்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல உன் தம்பி அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். காக்காவை ஏன் பிடிக்க வேண்டும், பிடித்தால் சம்பளம் எப்படி ஏறும் என்று அவர்கள் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

மாமாவிடம் சொல்: இந்த பாஸ் சம்பளம் கொடுக்கிற பாஸ் இல்லை, நல்ல தண்ணீர் மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு. வாய்தான் விசேஷம்; மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நம்ம முகத்துவாரத்துக் கொடுவாவையும் வெள்ளைக்காரன் ‘ஆசியக் கடல் பாஸ்’ என்றுதான் சொல்கிறான். ஆனால் ரெண்டும் சொந்தமில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு முனுசாமி, மணலியில் ஒரு முனுசாமி இருப்பதில்லையா, அந்த மாதிரி. சரியாகச் சொன்னால் கொடுவாவின் கதைதான் சினிமாவுக்கு லாயக்கு. ஆணாகப் பிறந்து, வயசானதும் பெண்ணாக மாறிவிடும். சாந்தோம் ஹை ரோட்டில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே அதைத் தொட்டியில் முட்டையிட வைத்துவிட்டது. அந்தப் பெருமையை இங்கே சொன்னால் ஒருவரும் காது கொடுப்பதில்லை.

இவர்களுக்கு இந்தப் பெருவாய் பாஸ்தான் கிரிக்கெட். அலபாமாவில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ரே ஸ்காட் என்பவர் 1960-களின் கடைசியில் இதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1971-ல் லேக் மீட் ஏரியில் முதல் பெரிய போட்டி, பரிசு 10,000 டாலர். இப்போது அதே போட்டியில் ஜெயித்தால் 3,00,000 டாலர். மீன் பிடிக்கத்தான், அக்கா. எடை போட்டுவிட்டு மீனை ஏரியிலேயே விட்டுவிட வேண்டும் என்ற வழக்கத்தைப் பரப்பியதும் அதே ரே ஸ்காட்தான்.

உலக சாதனைக் கதையையும் கேள். 1932 ஜூன் 2-ந் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி பத்து கிலோவுக்கு மேல் ஒரு பாஸ் பிடித்தார். பஞ்சகாலம். எடை போட்டு எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். நம்ம ஆள்! 77 வருஷம் கழித்து, 2009-ல் ஜப்பானில் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அந்த எடையைத் தொட்டார். ஜப்பானியர் எந்திரம் மாதிரி துல்லியமாக அளந்தார், படம் எடுத்தார், சாட்சி வைத்தார். பெர்ரி வீட்டுக் குழம்புக்குத்தான் சாட்சி இல்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். ஜனவரி மூன்றாவது திங்கள் இங்கே மார்ட்டின் லூதர் கிங் நாள், விடுமுறை. அதை ஒட்டி வருஷா வருஷம் கூட வேலை செய்யும் பிளான்ட் ஆட்கள் ஐந்தாறு பேர் மீன் பிடிக்கக் கிளம்புவார்கள். அவர்களுக்கு அது நீண்ட வார இறுதி. உன் தம்பிக்குப் பொங்கல் லீவு. காணும் பொங்கலுக்கு எல்லாரும் மெரினா போனால், இவன் மெக்சிகோ போகிறான். கிளம்புவதற்கு முந்தின நாள் பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டான். மீன் பிடிக்கப் போகிறவன் மீன்கண்ணியிடம் என்னவென்று வேண்டுவது? ஒன்றும் கேட்காமல் புளியோதரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான்.

விசா தொல்லை இல்லை. அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ உள்ளே விட்டுவிடும். தொல்லை வேறு. போகிற இடம் சினலோவா மாநிலம். போதைக் கும்பல்களின் பேரால் உலகம் அறிந்த ஊர். அமெரிக்க வெளியுறவுத் துறை அதற்கு நாலாம் நிலை எச்சரிக்கை போட்டிருக்கிறது. அதற்கு மேல் நிலை கிடையாது, ‘போகாதே’ என்று அர்த்தம். உனக்கு இதை முன்னாலேயே சொல்லாதது தப்புதான். திரும்பி வந்த பிறகு சொன்னால் திட்டு பாதியாகக் குறையும் என்று உன் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது துப்பாக்கியால் இல்லை, நீ அனுப்பிய மீன் குழம்புத் தூளால். அரைக் கிலோ சிவப்புத் தூளைப் பார்த்ததும் சோதனை போட்ட அம்மா கையுறை மாட்டிக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். மூன்று தும்மல். அதற்குப் பிறகு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் உன் தம்பிக்கு வழி விட்டார்கள்.

மாசட்லான் கடலோர ஊர். அங்கே இறங்கி, வேனில் மலைப் பக்கமாகப் போனால் பிக்காச்சோஸ் ஏரி. பிரெசிதியோ ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் தேங்கிய தண்ணீர். ஏரி நடுவே மொட்டை மரங்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பாஸ் அந்த மரத்தடிகளில்தான் பதுங்கும். செல்போன் எடுக்காது. விடிகாலை நாலு மணிக்குக் கதவைத் தட்டிக் காபி கொடுப்பார்கள். மூன்று நாளைக்கு ஆளுக்கு ரெண்டாயிரம் டாலருக்கு மேல். ரூபாயில் மாற்றிப் பார்க்காதே, அக்கா. உன் தம்பி ஒரு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை.

முதல் நாள் முதல் வீச்சிலேயே தூண்டில் முள் அவன் தொப்பியில் மாட்டியது. ரெண்டாவது வீச்சு மரத்தில். மூன்றாவது வீச்சு கூட வந்த நெல்லூர்க்காரர் ஒருவரின் சட்டையில். ஆற்றோரம் பிறந்தவன், பத்து வயசில் மாமாவோடு வீச்சுவலை போட்டவன் என்று வழியெல்லாம் பெருமை பேசியிருந்தான். அது அத்தனையும் அந்த மூன்று வீச்சில் போச்சு. இங்கே இரையும் புழு இல்லை, ரப்பர். ரப்பர் புழு, ரப்பர் தவளை, கண் வைத்த மரக்கட்டை மீன். பத்துப் பதினைந்து டாலர் கொடுத்து ஒரு பொய் மீனை வாங்கி, மரத்தில் மாட்டி அறுத்துக்கொண்டு, அடுத்ததைக் கட்டுகிறார்கள். அந்தக் காசுக்குக் காசிமேட்டில் நிஜ மீனே வாங்கலாம் என்றால் சிரிக்கிறார்கள்.

அப்புறம் பிடிபடத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் உன் தம்பி மட்டும் நாற்பத்தொரு மீன்! பாஸுக்கு முள் பல் கிடையாது, அரம் மாதிரிச் சொரசொரப்பு. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்க வேண்டும். நம்ம ஊரில் கெளுத்தியை அப்படிப் பிடித்தால் கை போய்விடும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு. இங்கே வாய்க்குள் விரலை விட்டாலும் ஒன்றும் ஆகாது, தோல் மட்டும் தேயும். நாற்பத்தொரு தடவை தேய்ந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன விரல்.

"நாப்பத்தோரு மீனா! வீட்டுக்கு எவ்ளோ கொண்டாந்தே?" என்று மாமா கேட்பார். ஒன்றும் இல்லை. தூக்க வேண்டும், கையை முன்னால் நீட்டி மீனைப் பெரிசாகக் காட்டிப் படம் எடுக்க வேண்டும், தண்ணீரில் விட வேண்டும். மெக்சிகோ சட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூட வந்தவர்கள் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். இது வேலையத்தவன் வேலை என்று மாமா சொன்னால், 1873-லேயே மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் எழுதினார் என்று சொல். கலெக்டர் செய்தால் விளையாட்டு, நாம் செய்தால் பிழைப்பு.

படகோட்டி உள்ளூர்க்காரர். உன் தம்பிக்கு ஸ்பானிஷ் பத்து வார்த்தை, அவருக்கு இங்கிலீஷ் பத்து. அந்த இருபதை வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசினார்கள். பாஸ் இந்த ஆற்று மீனே இல்லையாம். புளோரிடா வகையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஏரியில் இருக்கும் இன்னொரு மீனைப் பார்த்ததும் உன் தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஜிலேபி! நம்ம ஜிலேபி கெண்டை. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பதிலுக்கு அந்தப் பக்கத்துக் கடலும் நமக்கு ஒன்று அனுப்பியிருக்கிறது. எண்ணூர் ஆற்றில் அடியெல்லாம் படர்ந்து இறாலுக்கு இடமில்லாமல் செய்கிறதே காக்கா ஆழி, அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரை, மெக்சிகோவின் பசிபிக் ஓரமும் சேர்த்து. கப்பலில் நிரப்பிக் கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். மாமாவுக்குக் காக்கா பிடிக்கத் தெரியாது, காக்கா ஆழி அவரைப் பிடித்துக்கொண்டது.

ரெண்டாம் நாள் படகோட்டி படகை ஓரிடத்தில் நிறுத்தி, கீழே கையைக் காட்டி "காசா" என்றார். வீடு. அணை நிரம்பியபோது மூழ்கிய ஊர்களில் ஒன்று கீழே இருந்தது. சான் மார்க்கோஸ் என்ற ஊர் பாதி தண்ணீரில் நின்றபோது, போகமாட்டோம் என்று மூன்று குடும்பங்கள் அங்கேயே இருந்தன. பெத்சபே கார்சியா என்ற இயக்குநர் அவர்களை வைத்து எடுத்த ஆவணப்படம் 2015-ல் வந்தது. நஷ்டஈடு கேட்டுப் போராடியவர்களின் தலைவர் அதிலானோ ரோமான். 2014 அக்டோபரில் மாசட்லானில் வானொலி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

உன் தம்பி பதிலுக்குப் பூண்டி ஏரியைச் சொல்ல முயன்றான். மழைக்குப் பூண்டி திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகி நம்ம தெருவுக்குள் வருவதை, 2015-ல் அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றிவிட்டு நீ மாடியில் உட்கார்ந்திருந்ததை. நம்மைத் தேடித் தண்ணீர் வருஷா வருஷம் வருகிறது. இவன் காசு கட்டித் தண்ணீரைத் தேடிப் போகிறான். இருபது வார்த்தைக்குள் இதைச் சொல்ல முடியவில்லை. கையால் தண்ணீர் ஏறுவதைக் காட்டிக் கழுத்தில் நிறுத்தினான். அவர் "சி, சி" என்றார். அங்கே அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

அன்று ராத்திரி சமையல் உன் தம்பியுடையது. வலை போடும் உள்ளூர்க்காரர்களிடம் ஜிலேபி வாங்கினான். புளி? மெக்சிகோ முழுக்கக் கிடைக்கிறது. அதில் ஜூஸே போட்டுக் குடிக்கிறார்கள். தக்காளி, மிளகாய் ரெண்டுக்கும் பூர்வீகமே இந்தப் பக்கம்தான். உன் தூள் பாதியைக் கொட்டினான். சினலோவாக்காரர்கள் பச்சை இறாலை எலுமிச்சையிலும் மிளகாயிலும் ஊறவைத்து ‘அகுவாச்சிலே’ என்று அப்படியே சாப்பிடுகிறவர்கள், காரத்துக்குப் பயப்படாதவர்கள். படகோட்டி மூன்று தடவை ஊற்றிக்கொண்டார். டெக்சாஸ்காரர் ஒருவர் மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நேராக ஏரிக்குள் இறங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டே கூட வந்தவர்கள் கேட்டார்கள், உங்கள் ஊரில் பிடித்த மீனை விடுகிற வழக்கம் உண்டா என்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் வந்ததே, அந்த வாரம் ஞாபகம் வந்தது. வலை, படகு, கால், எல்லாம் தார் பூசின மாதிரி. மாமா அதிலும் போய் இறால் கொண்டுவந்தார். எண்ணெய் நாத்தம் என்று மார்க்கெட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. கூடையோடு திரும்பி வந்து ஆற்றிலேயே கொட்டினார். அதைச் சொன்னான். "ஓ, அங்கேயும் பிடித்து விடுவதுதானா!" என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். உன் தம்பி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டிச் சோறு போட்டுக்கொண்டான்.

இவர்களைத் தப்புச் சொல்லவும் முடியவில்லை. ஹூஸ்டன் கப்பல் கால்வாய் ஓரம் நெடுக ஆலைகள். பசடீனா என்ற ஊரை ‘ஸ்டிங்கடீனா’, நாத்தமடிக்கிற ஊர் என்றே கேலி செய்வார்கள். ஊர் ஞாபகம் வர உன் தம்பி பாட்டெல்லாம் கேட்பதில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது ஜன்னலைத் திறந்தால் மணலிதான். நல்ல தண்ணீரில் படகு விட இவர்களும் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

கடைசி நாள் மூன்றரைக் கிலோவில் ஒன்று மாட்டியது. விட மனசில்லை. பெர்ரி வீட்டுக் கதையைச் சொல்லி வாதாடிப் பார்த்தான். ஓட்டெடுப்பு நடந்தது, நெல்லூர்க்காரர் மட்டும் இவன் பக்கம். மீன் போய்விட்டது. படம் இத்தோடு இருக்கிறது. கையை முன்னால் நீட்டியிருப்பதை மாமாவிடம் சொல்லாதே.

பார்சலில் உனக்குப் புடவை, பெரியவனுக்கு ஷூ. ஓரத்தில் பச்சைப் பையில் இருப்பது ஆறு ரப்பர் தவளை, மாமாவுக்கு. கொடுவா இதைக் கவ்வுகிறதா என்று முகத்துவாரத்தில் போட்டுப் பார்க்கச் சொல். கவ்வினால் விட வேண்டாம். முதலில் அந்தப் பையை மாமியார் கண்ணில் படாமல் எடுத்து வை. தவளை குதிக்காது, ஆனால் பார்த்தால் அவங்க குதிப்பாங்க.

குழம்புத் தூள் தீர்ந்துபோச்சு. இந்தத் தடவை கால் கிலோ பொட்டலமாகவே கட்டு.

உன் தம்பி