பச்சைக் குடும்பஸ்தன்

சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்காக நான் வாங்கிய சாமான்களை வைக்க எங்கள் வீட்டில் இடம் போதவில்லை. மூங்கில் பல்துலக்கி, வேப்பங்கட்டைச் சீப்பு, செம்புத் தண்ணீர் பாட்டில், கொட்டாங்கச்சியில் செய்த சோப்பு டப்பா. போதாததற்கு, சமையலறைக் கழிவை உரமாக்கும் மூன்றடுக்கு மண்பானை. பானைகள் பால்கனியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மேல்பானையில் என் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். பக்கவாட்டில் ஓட்டை இருப்பதால் காற்றோட்டமாக இருக்கிறதாம், அழுகுவதில்லையாம்.

"இதெல்லாம் நீங்க வாங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல இவ்வளவு குப்பை சேராதுங்க" என்பது அவள் கட்சி. ஒவ்வொரு சாமானும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இன்னோர் அட்டைப்பெட்டி, அதற்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் என்று வந்தது என்னவோ உண்மைதான். அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டு என் பையன் ஒரு சாயங்காலம் முழுக்க செல்போன் கேட்காமல் இருந்தான் என்பதை மட்டும் அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பைகளின் கதை தனி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14-க்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அன்றைக்கே நான் துணிப்பை வாங்கத் தொடங்கிவிட்டேன். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பித்ததும் அது வியாதியாகவே முற்றியது. கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காய்கறி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். பைகளோடு வந்தேன். காய்கறி ஞாபகம் வரவில்லை.

என் சின்ன வயதில் மஞ்சப்பைக்கு இந்த மரியாதை கிடையாது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினால், ஊருக்குப் புதுசு என்று ஆட்டோக்காரர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையை அப்பா துவைத்து மடித்து வைத்திருப்பார். யாரோ ஒரு மாப்பிள்ளை, யாரோ ஒரு பெண், அவர்கள் பெயரைத் தாங்கிய பையோடு அவர் கடைத்தெருவில் நடக்க, நான் அவருக்குச் சம்பந்தமே இல்லாதவன்போலப் பத்தடி பின்னால் நடப்பேன். இன்று என் மகள் அதே ரகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள். "செம ஏஸ்தெட்டிக்பா!" என்கிறாள். இப்போதும் நான் பத்தடி பின்னால்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அவள் உத்தரவு.

இத்தனை பை இருந்தும், கடையில் நிற்கும்போது என் கை வெறுங்கையாகத்தான் இருக்கும். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், நான் அண்ணாச்சி கடையில் நிற்பேன். அண்ணாச்சி ஒரு பையை எடுத்து உதறி, "துணிப்பைதான் சார்" என்பார். பார்வைக்குத் துணிதான். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நூல் பிரியாது. பிசிறு பிசிறாகப் பிய்ந்து வரும். நான்-ஓவன் என்கிறார்களே, அது. பாலிபுரோப்பிலீன், அதாவது சாட்சாத் பிளாஸ்டிக். தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. இதையெல்லாம் நான் அண்ணாச்சிக்கு விளக்கமாக எடுத்துச் சொல்வேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே துவரம்பருப்பை அதே பையில் போட்டு என் கையில் கொடுத்துவிடுவார்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிட நல்லது என்று பெயர் வாங்க வேண்டுமானால், அதைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்த வேண்டுமாம். பருத்தி விளைய, நூற்க, நெய்ய, சாயம் போட அவ்வளவு செலவு. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பைகளின் கடனை அடைக்க என் ஆயுள் போதாது. பையன் தலையெடுத்து, அவனுக்கும் பிள்ளை பிறந்து, மூன்று தலைமுறை மார்க்கெட்டுக்குப் போனால்தான் உண்டு. சொத்து எழுதி வைக்கும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்தத் தகுதிகளால்தானோ என்னவோ, எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் தலைவர், "நம்ம பிளாக்ல எத்தனை வீட்டுல சுற்றுச்சூழல் பழக்கமெல்லாம் இருக்குன்னு ஒரு சர்வே எடுத்தா என்ன?" என்று கேட்டபோது, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கூட்டத்துக்குச் செம்புப் பாட்டிலோடு வந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் குடியிருப்பு மடிப்பாக்கத்தில். காற்று திரும்பினால் பெருங்குடி குப்பைமேடு எங்களை விசாரித்துவிட்டுப் போகும். ஆகவே விஷயத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும். படிவம் தயாரிக்க நான் அதிகம் சிரமப்படவில்லை. 2022 அக்டோபரில் குஜராத்தின் கேவடியாவில் மத்திய அரசு தொடங்கிய 'லைஃப்' இயக்கத்தில், தனிமனிதன் செய்யக்கூடியவை என்று 75 செயல்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சிக்னலில் வண்டி எஞ்சினை நிறுத்து, ஏ.சி.யை 24-இல் வை, பிரஷர் குக்கரில் சமை என்று போகும். அதை அப்படியே எடுத்து, பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டம் போட்டு, கடைசியில் 'ஏன் செய்கிறீர்கள்?' என்று சொந்தமாக ஒரு கேள்வியும் சேர்த்தேன்.

முதல் படிவத்தை நானே நிரப்பினேன். டிரெட்மில்லில் ஓடாமல் வெளியே ஓட வேண்டும் என்று அந்தப் பட்டியலில் ஒன்று இருக்கிறது. எங்கள் டிரெட்மில்லில் யாரும் ஓடி எனக்கு நினைவில்லை, ஆகவே பாதி மார்க். அதன் கைப்பிடியில்தான் ஈரத்துண்டு காய்கிறது, டிரையருக்கு மின்சாரம் மிச்சம் என்று இன்னொரு பாதி போட்டுக்கொண்டேன். லிஃப்டுக்குப் பதில் படிக்கட்டு என்று ஒன்று. லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் என்பதால் அதற்கும் 'ஆம்'.

மற்ற படிவங்கள் திரும்பி வந்தபோது எனக்குப் புல்லரித்தது. இத்தனை மகான்களுக்கு நடுவிலா குடியிருக்கிறேன்! எல்லா வீட்டிலும் குப்பையைப் பிரிக்கிறார்கள். எல்லோரும் பல் தேய்க்கும்போது குழாயை மூடுகிறார்கள். ஒருவர் வீட்டிலும் ஏ.சி. 24-க்குக் கீழே இறங்குவதில்லை. மே மாதத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால் போர்வை கேட்கத் தோன்றும் என்பது வேறு விஷயம். வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு நியூஜெர்சியில் இருக்கும் மாமாகூட வாட்ஸ்அப்பில் நிரப்பி அனுப்பியிருந்தார். தண்ணீரை வீணாக்குவதில்லை, குப்பையைக் கலப்பதில்லை, தேவையில்லாமல் லைட் எரிவதில்லை. நான் வாங்கிய பதில்களில் நூற்றுக்கு நூறு நிஜமானவை அவருடையவைதான்.

'ஏன் செய்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு நான் பூமி, வருங்காலச் சந்ததி, துருவக்கரடி என்று பின்பக்கம் வரை எழுதியிருந்தேன். என் மனைவி ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: காசு.

கோபப்பட ஒன்றுமில்லை. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியலே வேறு. 501-ஆவது யூனிட் தனியாக வராது, தனக்கு முன்னால் போன யூனிட்டுகளின் விலையையும் கிளப்பிவிட்டுத்தான் வரும். எந்த விஞ்ஞானி சொல்லியும் செய்யாததை இந்த ஒரு யூனிட் செய்துவிட்டது. ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தைய வாரம் எங்கள் பிளாக்கில் பெண்கள் கீழே இறங்கி மீட்டரைப் பார்த்துவிட்டு, எண்ணை முணுமுணுத்தபடியே மேலே போவதைப் பார்க்கலாம். அந்த வாரம் முழுக்க மொட்டைமாடியில் காற்று நன்றாக வரும். கீசர் யாருக்கும் நினைவுக்கு வராது. புதிய ஏ.சி.க்களை 24 டிகிரியிலேயே தொடங்கும்படி செய்ய வேண்டும் என்று 2020-இலிருந்து விதி இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஏழு நாளும் ரிமோட்டையே காணாமல் போகச் செய்வது நடைமுறை.

தண்ணீரும் அப்படித்தான். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பின் கட்டியதால் எங்கள் பிளாக்கிலும் ஒரு தொட்டி, அதற்கு மூடி. அந்த மூடிமேல் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தினார்கள், அவ்வளவுதான் சேகரிப்பு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது ஸ்கூட்டரை நகர்த்தினோம். உள்ளே சிமென்ட் சாக்கும் ஒரு கிரிக்கெட் பந்தும் இருந்தன. அந்தக் கோடையில் இந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் எழுபத்தைந்துக்கு எண்பது வாங்கியிருப்போம். அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, ஏ.சி. சொட்டும் தண்ணீர் பக்கெட்டுக்கு, ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீர் வீடு துடைக்க; அரை பக்கெட்டில் முழு உடம்பும் குளிக்கும் வித்தையை அன்றைக்கு எல்லோரும் கற்றிருந்தோம். லாரி தண்ணீர் ஒழுங்காக வரத் தொடங்கியதும் வித்தை மறந்துபோயிற்று. தொட்டி மூடிமேல் இப்போது ஸ்கூட்டர் இல்லை. புல்லட்.

ஆர்.ஓ. பக்கெட் மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைத் தள்ளுகிற இயந்திரம் அது, அந்தத் தண்ணீர் ஓடிப்போவதை என் மனைவியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது நிரம்பி வழிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது அவளுடைய நெடுநாள் குற்றச்சாட்டு.

அம்மா படிவமே வாங்கவில்லை. "அதுல என்னடா கேக்கற?" என்றாள். படித்துக் காட்டினேன். பால் பாக்கெட்டை முழுவதும் வெட்டாமல் பாதி மட்டும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வெட்டின துண்டு மக்கும் குப்பையோடு போய்விடும் என்று பட்டியலில் இருக்கிறது. அம்மா வெட்டும்போது பார்த்திருக்கிறேன். கத்திரிக்கோல் மூலையில் ஏறி, கடைசி நூலிழை தூரத்தில் நின்றுவிடும். அந்த முக்கோணம் பாக்கெட்டோடு தொங்கிக்கொண்டிருக்கும். பாலை ஊற்றிவிட்டு, கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் பாலிலேயே சேர்த்து (எங்கள் வீட்டுக் காபியின் ரகசியம் இது), கவரைப் பிரித்துக் கழுவி, சிங்குக்கு மேலே டைல்ஸில் பட்டென்று ஒட்டிவிடுவாள். காய்ந்ததும் தானே உதிரும். சேர்ந்ததும் காயலான் கடைக்கு எடைக்குப் போகும்.

"பாத்தியாம்மா, நீ எவ்வளவு பெரிய விஷயம் பண்ணிட்டு இருக்க!" என்றேன்.

"மூலைய வெட்டிப் போட்டா எடை குறையாதாடா?" என்றாள்.

நான் வெட்டினால் முக்கோணம் பறந்துபோய் எங்கேயாவது விழும். எங்கே விழுகிறது என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் பிளாக்கில் குப்பை எடுக்கும் அக்கா. தினமும் காலையில் கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் உட்கார்ந்து, இருபத்து நான்கு வீட்டுக் குப்பையையும் அவர்தான் கையால் பிரிக்கிறார். முடிவுகளை அறிவிப்பதற்கு முன் ஒரு பேச்சுக்கு அவரிடம் படிவத்தைக் காட்டி, "அக்கா, நம்ம பிளாக்ல எல்லாருமே குப்பைய பிரிச்சுத்தான் போடறாங்களாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நிதானமாக யோசித்தார்.

"மூணு வீடு சார். அதுல ஒண்ணு பூட்டிக் கெடக்கு."

"எங்க வீடு அந்த மூணுல உண்டா?"

"ஆத்தா இருந்தா உண்டு சார். அவங்க ஊருக்குப் போனா உங்க வீட்டுக் காய்த்தோல்ல பால் கவர் துண்டு துண்டா வரும்."

அவரிடம் படிவம் இல்லை, கட்டம் இல்லை, ஆனால் எந்த வீட்டில் எத்தனை நாளாக ஹோட்டல் சாப்பாடு, யார் வீட்டில் சர்க்கரை மாத்திரை, யார் சிறுதானியத்துக்கு மாறியதாகச் சொல்லிக்கொண்டு பரோட்டா வாங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். சொல்ல மாட்டார். வற்புறுத்திக் கேட்டதில் ஒன்றே ஒன்று சொன்னார். டயப்பர், நாப்கினையெல்லாம் பேப்பரில் சுற்றி, சிவப்பு மையில் ஒரு அடையாளம் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தனியாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். போன மாதம் ஏதோ வீட்டு டம்ளர் கிழித்த தழும்பு கட்டைவிரலில் இன்னும் சிவப்பாக இருந்தது. 2016-ஆம் வருடத்துத் திடக்கழிவு விதிகளே மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கவும், நாப்கினைச் சுற்றிக் கொடுக்கவும் சொல்லியிருந்தன. என் படிவத்தில் பல்துலக்கி மூங்கிலில் செய்ததா என்ற கேள்விகூட இருந்தது. இது இல்லை.

அடுத்த கூட்டத்தில் சர்வே முடிவைப் படித்தேன். பலத்த கைதட்டல். அக்கா சொன்னதை ஓர் அறிவிப்பாக எழுதிக் கீழே ஒட்டலாம் என்றேன். அதற்கும் ஆட்சேபணை இல்லை. தமிழிலா ஆங்கிலத்திலா, யார் கையெழுத்து, லிஃப்டுக்குள்ளா வெளியிலா என்று விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மழைச்சாரல் பட்டால் மை அழியும் என்று தலைவர் கவலைப்பட்டதால், தாளை லேமினேஷன் செய்து கொண்டுவரும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். நின்று ஒருமுறை படித்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இத காயலான் கடையில எடுக்க மாட்டான்."