குனியறதுக்குத் துட்டா?

இப்படி வந்து குந்து பேராண்டி. ரீயூனியன் தீவுக்குப் போறியாமே, உங்கம்மா சொன்னா. காலையில எரிமலைப் பொந்து, மத்தியானம் மியூசியமாம். ஷோக்கா போயிட்டு வா. ஆனா தாத்தன் கிட்ட நாலு புத்தி கேட்டுட்டுப் போ. ஃபீஸெல்லாம் வாணாம். ஒரு டீ, ஒரு பொறை போதும்.

மொதல்ல, பொந்து எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சுக்க. 2004-ல அந்தத் தீவு எரிமலை கக்கின குழம்பு கடல் வரைக்கும் ஓடிச்சு. நம்ம சௌகார்பேட்ல வாணலியில பால் காய்ச்சறான் பாரு, மேல ஏடு கட்டுது இல்ல? அதேதான். மேல குளுந்து ஓடு கட்டிக்கிச்சு. அந்த ஓடே கம்பளி மாதிரி சூட்டைப் பிடிச்சு வெக்க, உள்ள குழம்பு ஆறாம ஓடினே இருந்துச்சு. எரிமலை அடங்கினதும் உள்ள இருந்தது வழிஞ்சு போயி வெறும் குழாய் நின்னுபோச்சு. அதுல பூரத்தான் ஹெல்மெட்டு, முட்டிக்கு உறை, நெத்தி லைட்டு, ஒரு வழிகாட்டி, எல்லாத்துக்கும் மேல யூரோவுல துட்டு.

இன்னாடா இது! வால்டாக்ஸ் ரோட்டு லாரி ஷெட்டுல முப்பது வருசம் மூட்டையோட குனிஞ்சேன். குனிஞ்சதுக்குக் கூலி குடுத்தாங்க. நீ துட்டு குடுத்துக் குனியப் போற. படிச்ச புள்ள, உன் கணக்கு உனக்குத்தான் தெரியும்.

அந்த ரோட்டுப் பேருக்கு ஒரு கதை கீது. ஐதர் அலிக்குப் பயந்து கம்பெனிக்காரன் 1770 வாக்குல மதிலு கட்டினான். அதுல ஒரு வாசல்தான் நம்ம யானைக்கவுனி. "சுவத்துக்கு வரி கட்டு"ன்னான். ஜனங்க கிட்ட வரி வசூலாவல, ரோட்டுக்குப் பேரு மட்டும் நின்னுச்சு. அப்பேர்ப்பட்ட பேட்டையில பொறந்துட்டு, எரிமலை ஓசியில கட்டின பொந்துக்கு நீ வரி கட்டற!

அங்க எறங்கினதும் புது ஊருன்னு பீத்திக்காத. அந்த எரிமலைக்குக் கீழ எரியறது நமக்குப் பழைய அடுப்பு. 6.6 கோடி வருசத்துக்கு முன்னாடி, மகாராஷ்டிரா பக்கம் தக்காணத்துக் கருப்புப் பாறையை ஊத்தினது அதேதான்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. நம்ம நெலம் வடக்கால நவுந்துடுச்சு, அடுப்பு மட்டும் அங்கியே கீது.

நம்ம ஜனமும் உனக்கு முந்தியே போயிட்டாங்க. 1848-ல அங்க அடிமைத்தனம் ஒழிஞ்சதும், கரும்புத் தோட்டத்துல குனிய ஆள் பத்தல. புதுச்சேரி, காரைக்கால்லேருந்து கப்பல் கப்பலா ஒப்பந்தக் கூலியா ஏத்தினு போனாங்க. போனவங்க பேசினது தமிழு, அவங்களுக்கு வெச்ச பேரு 'மல்பார்'. பாஷை கரைஞ்சுபோச்சு, தீமிதி கரையல. எரிமலை ஊருல எரியற நெருப்பு பத்தலன்னு தனியா மூட்டி மிதிக்கறவன் நம்மாளு! ஆறின பொந்துல பூந்து வந்து அவன் கிட்ட வீரம் பேசாத.

1977-ல அங்க ஒரு கிராமத்துல குழம்பு மாதா கோயிலைச் சுத்தினு போயி, வாசப்படியில நின்னுபோச்சு. எரிமலைக்கே எங்க நிக்கணும்னு தெரியுது. செல்ஃபிக்காக வழிகாட்டி காட்ற எடத்தை நீ தாண்டாத.

மியூசியமா? செயின்ட் டெனியில 1855-ல தொறந்தது. உள்ள சீலகாந்த் மீனு கீதாம். டைனோசர் காலத்தோட பூண்டத்துப் போச்சுன்னு எழுதி வெச்ச மீனு, 1938-ல தென்னாப்பிரிக்காக் கடல்ல வலையில மாட்டி முழிச்சுதாம். உங்கப்பன் என்னையும் அந்தக் கணக்குலதான் வெச்சிருக்கான்.

அதே 1855-ல எழும்பூர் மியூசியத்துல மிருகங்களைக் கூண்டுல வெச்சாங்க. அப்பால அதுங்க நம்ம சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்து, 1985-ல வண்டலூருக்குப் போச்சுங்க. எழும்பூர்ல திமிங்கல எலும்புக்கூடு இன்னும் தொங்குது. பஸ்ஸுல கால் மணி நேரம். ஸ்கூல்ல கூட்டினு போனப்பவே வெளிய ஐஸ் வண்டியாண்ட நின்னவன் நீ. மொதல்ல அதைப் பாத்துட்டு ஏரோப்ளேன் ஏறு.

வரும்போது கல்லு கில்லு பொறுக்கினு வராத. அங்க ஒரு மல்பார் கெழவனைப் பாத்தா, யானைக்கவுனி கெழவன் விசாரிச்சான்னு சொல்லு. தமிழ் புரியலன்னா கொஞ்சம் குனிஞ்சு கும்பிடு. அப்படிக் குனியறதுக்கு எவனும் துட்டு கேக்க மாட்டான்.

நான் மட்டும் கேப்பேன். டீக்கு எடு.